வளையத்தில் பிறக்கும் ஒளி

எலெக்ட்ரான் நேர்வழியில் சீராகச் செல்லுமளவும் ஒளி விடுவதில்லை. ஒளியின் வேகத்தை ஏறக்குறைய எட்டிவிட்ட அதனைக் காந்தத்தால் வளைத்துத் திருப்பினால், தன் சக்தியில் ஒரு பகுதியை ஒளியாக உதறிவிடுகிறது. 1947ஆம் வருஷம் ஏப்ரல் மாதம், அமெரிக்காவில் ஸ்கெனெக்டடி நகரத்து ஜெனரல் எலெக்ட்ரிக் ஆராய்ச்சிச்சாலையில் இவ்வொளி ஒரு ஸிங்க்ரோட்ரான் யந்திரத்தில் முதன்முதல் கண்ணுக்குப் புலப்பட்டது. யந்திரத்தின் குழாய் கண்ணாடியாலானது. இல்லாவிடில் அன்று அதை எவரும் கண்டிருக்கமாட்டார். எலெக்ட்ரானுக்கு வேகமேற்ற முயன்றவர்களுக்கோ இது வீண் நஷ்டம். அரும்பாடுபட்டு ஏற்றிய சக்தி ஒழுகிப் போகிறதே!

பின்வந்தவர்கள் அந்த ஒழுக்கையே பிடித்துக்கொண்டனர். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே குழாயினும் பல கோடி மடங்கு பிரகாசமான கிரணம், ஊசிமுனையளவில் குவிந்து கிடைக்கிறது. சிதம்பரத்தில் 1952ல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், உடலில் புரதத்தை ஆக்கும் ரைபோஸோமின் அமைப்பைக் கண்டு 2009ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அதன் படிகங்களை அவர் ஆராய்ந்தது அமெரிக்காவில், ப்ரூக்ஹேவனிலும் ஆர்கானிலும் இருந்த இத்தகைய வளையங்களில்.

நம் தேசத்திலும் வளையம் இல்லாமலில்லை. இந்தூரில் ராஜா ராமண்ணா ஆராய்ச்சி நிலையத்தார் 1999ல் இண்டஸ்-1 என்பதையும், 2005ல் இண்டஸ்-2 என்பதையும் ஒளிரச் செய்தனர். பின்னதன் சுற்றளவு 172.5 மீட்டர். எலெக்ட்ரான்கள் அதனை வினாடிக்கு 17 லக்ஷம் தடவை வலம்வருகின்றன. நம்மவர் செய்த இந்த அரிய காரியத்தைக் குறைத்துப் பேச நாம் துணியோம். ஆயினும் அதனினும் நுண்ணிய கிரணம் வேண்டுவோர் ஜப்பானில் ட்ஸுகூபாவுக்கும், இத்தாலியில் ட்ரீஸ்டுக்கும், ஜெர்மனியில் ஹாம்பர்க்குக்கும் மூட்டை கட்டவேண்டியிருக்கிறது. அங்கெல்லாம் நம் சர்க்காரே பணம் கொடுத்து இடம் பிடித்து வைத்திருக்கிறது. பிறர் வீட்டு விளக்கில் எத்தனை நாள் படிப்பது?

பிரேஸிலைப் பாருங்கள். ஜனத்தொகையில் நம்மில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைந்த தேசம். 518 மீட்டர் சுற்றளவுள்ள ஸிரியஸ் என்னும் வளையத்தை அது 2018 நவம்பரில் காம்பினாஸ் நகரில் திறந்தது. காந்தங்களைச் சிறியனவாக, நெருக்கமாக, மிகப் பலவாக நிறுத்தி எலெக்ட்ரான் கற்றையை மெலியச் செய்வதே இப்புதுவகை வளையங்களின் சூக்ஷ்மம். கற்றை மெலிந்தால் கிரணம் கூர்மை பெறும்.

இவ்வகை வளையம் ஒன்று வேண்டுமென்று நம் விஞ்ஞானிகள் வெகுகாலமாகக் கேட்டுவருகின்றனர். செலவு பெரிது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் திட்டம் வகுத்த நாள்முதல் ஒளி காணும் நாள்வரை ஏறக்குறைய 10 வருஷம் செல்லும். ஆதலால் அடுத்த பட்ஜெட்டிலேயே இதற்குத் தொகை ஒதுக்கும்படி பார்லிமெண்டு அங்கத்தினர்கள் வற்புறுத்தவேண்டும்.