ராத்திரி... மணல்மேடு... நீங்க மட்டும்!

நம்ம ஊர்ல கார் ஓட்டக் கத்துக்கும்போது முதல் பாடம் என்ன? பிரேக்! எது குறுக்கே வந்தாலும் பிரேக்கை மிதி, மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம். இந்தப் பாடத்தை மூட்டை கட்டி வெச்சாத்தான் பாலைவன மணல்ல வண்டி நகரும் பாஸ். அங்கே பிரேக்கை அழுத்தி மிதிச்சா, டயருக்கு முன்னால மணல் குவிஞ்சு குட்டிச் சுவர் மாதிரி நின்னுடும். திரும்ப ஆக்ஸிலேட்டரை மிதிச்சா டயர் முன்னால போகாது. கீழே போகும்!

பகல்லயே இந்தக் கதி. இதுல ராத்திரி. அதுவும் தனியா!

கூரை மேல வரிசையா லைட் கட்டின ஜீப், கறுப்பு வானம், மணலைக் கிழிச்சுக்கிட்டு ஒரு பாய்ச்சல்... இப்படி வீடியோக்கள் கொட்டிக் கிடக்கு. பார்த்தா யாருக்கும் கை துறுதுறுக்கும். படிச்சு முடிச்சு அபுதாபி, துபாய், மஸ்கட்னு வேலைக்குப் போகப் போறவங்க உங்க வகுப்பிலேயே நாலு பேராவது இருப்பாங்க. போன ஆறாம் மாசமே யாராவது ஒரு வெள்ளிக்கிழமை 'வாடா, மணல்ல ஓட்டலாம்'னு கூப்பிடுவாங்க. கூட்டமா ஒருமுறை போயிட்டு வந்ததும், 'இவ்வளவுதானா... அடுத்த தடவை நானே தனியா போறேன்'னு தோணும் பாருங்க, அந்த நிமிஷத்துக்காகத்தான் இந்தக் கட்டுரை.

அபுதாபிக்குத் தெற்கே, எல்லையை ஒட்டி லிவா என்று ஒரு பாலைவனச் சோலை. பேரீச்சந்தோட்டங்கள் முடிகிற இடத்தில் ரப் அல் காலி ஆரம்பிக்கிறது. அரபியில் 'வெறுமையின் கால் பகுதி' என்கிற மாதிரி அர்த்தம். சவுதி, ஓமன், ஏமன், அமீரகம் என்று நாலு நாடுகளில் சுமார் 6.5 லட்சம் சதுர கிலோமீட்டர் விரிந்து கிடக்கிறது. நம்ம தமிழ்நாட்டைப் போல ஐந்து மடங்கு! லிவா பக்கத்தில் இருக்கும் மொரீப் என்ற மணல்மேட்டின் உயரம் 300 மீட்டர் என்பார்கள். வண்டியை மேலே ஏற்றவே அங்கே போட்டி நடக்கும்.

இந்த மணலை முதன்முதலாக ஒழுங்காப் படிச்சவர் ஒரு ராணுவ அதிகாரி. ரால்ஃப் பேக்னால்ட், பிரிட்டிஷ்காரர். 1920களில் எகிப்தில் வேலை. லீவு கிடைத்தால் மற்றவர்கள் ஊருக்குப் போவார்கள். இவர் நண்பர்களைக் கூட்டிக்கிட்டு ஃபோர்டு காரில் பாலைவனத்துக்குப் போவார். அதுவும் ஃபோர் வீல் டிரைவ் எல்லாம் இல்லாத சாதா கார்! டயரில் காற்றைக் குறைத்தால் வண்டி புதையாது என்பதை ஓட்டி ஓட்டியே தெரிந்துகொண்டார். புதைந்தால் சக்கரத்துக்கு அடியில் கொடுக்க இரும்புத் தகடுகளை எடுத்துப் போனார். காந்த திசைகாட்டி காரின் இரும்புக்குப் பக்கத்தில் தடுமாறும் என்பதால், நிழலை வைத்துத் திசை பார்க்கும் சூரிய திசைகாட்டி ஒன்றைத் தயார் பண்ணினார். 1941ல் அவர் எழுதிய மணல் இயற்பியல் புத்தகத்தை இன்னிக்கும் விஞ்ஞானிகள் எடுத்துக் காட்டுகிறார்கள். செவ்வாய் கிரகத்தில் ஒரு மணல்மேட்டுத் தொகுதிக்கே பேக்னால்ட் பெயர்தான்.

இத்தனை பண்ணிய மனுஷன் ஒரு விஷயத்தை மட்டும் பண்ணவில்லை. தனியாகப் போகவில்லை. எப்பவும் ரெண்டு மூணு வண்டிக்குக் குறையாது!

காற்று விஷயத்துக்கு வருவோம். பங்க்கில் 35 பி.எஸ்.ஐ. பிடிக்கிற டயரை, மணலுக்குள் இறங்கும் முன்னாடி 15 அளவுக்கு இறக்கணும். டயர் சப்பையாகி, நீளவாக்கில் தரையில் படுத்துக்கும். ஏறக்குறைய டாங்கியின் பட்டை மாதிரி. அதே எடை நிறைய இடத்தில் பரவுவதால் வண்டி மணல் மேல மிதக்கும். இதுக்கு ஒரு விலையும் உண்டு. காற்று குறைந்த டயரோட வேகமாகப் போய் ஸ்டீயரிங்கை வெடுக்குன்னு ஒடிச்சா, டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும். நாலு பேர் இருந்தால் அது அரை மணி வேலை. நீங்க மட்டும் என்றால், அந்த மணலில் ஜாக்கியை நிற்க வைப்பதே ஒரு சர்க்கஸ்.

கண்ணு இருந்தும் தெரியாது!

சரி, ராத்திரியில் அப்படி என்ன ஆபத்து? அதான் லைட் இருக்கே?

ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒரு தட்டு ரவை வாங்கிக்குங்க. தட்டில் மேடும் பள்ளமுமாகக் கலைச்சு விடுங்க. ரூம் லைட்டை அணைச்சிட்டு, செல்போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்திலேயே பிடிச்சுப் பாருங்க. ரவை முழுக்க ஒரே வெள்ளை. மேடு எது, பள்ளம் எது, ஒண்ணும் தெரியாது. இப்ப டார்ச்சைத் தட்டுக்குப் பக்கவாட்டில், தாழ்வாகப் பிடிங்க. அடடா! ஒவ்வொரு சின்ன மேடும் நிழலோட எழுந்து நிற்கும்.

இவ்வளவுதான் விஷயம். கண்ணுக்கு ஆழத்தைச் சொல்வது வெளிச்சம் மட்டும் அல்ல, நிழலும்தான். வெளிச்சம் உங்க கண் இருக்கும் பக்கத்திலிருந்தே போனால், நிழல் பொருளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது. ஹெட்லைட் செய்வதும் அதுதான். கூரை மேல் கட்டின லைட் கண் மட்டத்துக்கு இன்னும் நெருக்கம். பானெட்டில் பட்டுக் கண்ணைக் கூசும். காற்றில் புழுதி இருந்தா எதிரே வெள்ளைத் திரை கட்டின மாதிரி ஆகிவிடும். வீடியோவில் கெத்தாக இருக்கும் அந்த லைட்டு, ஓட்டுகிறவனுக்கு அவ்வளவு உதவியில்லை என்பது என் கட்சி.

இதோட மணல்மேட்டின் வடிவத்தையும் சேர்த்துக்குங்க. மெரினாவில் காய்ந்த மணலை அள்ளி ஒரே இடத்தில் கொட்டிப் பாருங்க. எவ்வளவு கொட்டினாலும் குவியலின் சரிவு சுமார் 33 டிகிரியில் நிற்கும். அதுக்கு மேல் போனால் சரிந்து விழும். பாலைவன மேட்டிலும் இதே கணக்குதான். காற்று வீசி வரும் பக்கம் மெதுவான ஏற்றம். உச்சி தாண்டினதும் மறுபக்கம் சட்டென்று 33 டிகிரி இறக்கம். ஏறும்போது ஒண்ணுமே தெரியாது, சும்மா மேம்பாலம் ஏறுகிற மாதிரி இருக்கும். உச்சிக்கு வந்ததும் பானெட் வானத்தைப் பார்க்கும், ஹெட்லைட்டும் வானத்தைப் பார்க்கும். அந்த ரெண்டு நொடி உங்களுக்குத் தரையே தெரியாது. மறுபக்கம் இறக்கம் எந்தப் பக்கமா போகுது, எவ்வளவு ஆழம், அடியில் இன்னொரு மேடு நிற்குதா?

வேகமாக வந்தால் வண்டி பறந்து மூக்கால் குத்தும். பயந்து உச்சியில் நிறுத்தினால் வயிறு மாட்டிக்கொண்டு நாலு சக்கரமும் சும்மா சுத்தும். ஏற முடியாமல் பாதியில் நின்றுவிட்டால் ஸ்டீயரிங்கைத் திருப்பவே கூடாது, வந்த தடத்திலேயே நேராக ரிவர்ஸில் இறங்கணும். திருப்பினால் வண்டி சரிவுக்குக் குறுக்கே நிற்கும். குறுக்கே நின்ற வண்டி உருளும். பகலில் இதையெல்லாம் கண்ணால் பார்த்து முடிவெடுக்கலாம். இல்லைன்னா இறங்கி உச்சி வரைக்கும் நடந்து போய் எட்டிப் பார்க்கலாம். ராத்திரியும் நடக்கலாம்தான்... ஆனா எத்தனை மேட்டுக்கு?

நியாயமா ஒண்ணு சொல்லணும். ராத்திரிக்கு ரெண்டு நல்ல குணமும் உண்டு. சூடு இல்லாததால் இன்ஜின் கொதிக்காது. எதிரே வண்டி வந்தால், மேட்டுக்குப் பின்னாலிருந்தே அதன் லைட் வெளிச்சம் வானத்தில் தெரிந்துவிடும். பகலில் இந்த வசதி இல்லாமல்தான் எல்லா வண்டியிலும் நீளக் கம்பியில் கொடி கட்டுகிறார்கள்.

'வழி எனக்குத் தெரியும்'

ஜெர்மனியின் மேக்ஸ் பிளாங்க் ஆய்வு மையத்தில் யான் சோமன் என்பவரும் அவர் கூட்டாளிகளும் 2009ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஆட்களை துனீஷியாவின் சஹாராவில் விட்டு, 'நேராக நடங்க' என்று சொல்லி ஜி.பி.எஸ்.ஸில் கவனித்தார்கள். அதில் ஒருவர் ராத்திரியில் நடந்தவர். நிலா தெரிந்த வரைக்கும் நேராகப் போனார். நிலா மேகத்தில் மறைந்தது. அவ்வளவுதான், பலமுறை வளைந்து வளைந்து, கடைசியில் வந்த திசையிலேயே திரும்பி நடந்துகொண்டிருந்தார்! அவருக்கு அது தெரியவே இல்லை.

காரில் ஜி.பி.எஸ். இருக்கே என்பீர்கள். இருக்கு. நீங்க இருக்கும் இடத்தை அது சரியாகச் சொல்லும். முன்னால் பத்தடியில் பள்ளம் என்று சொல்லாது. அந்தப் படத்தில் எல்லாமே ஒரே மஞ்சள் நிறம்.

இப்ப 'தனியா' என்ற வார்த்தை. என்னைக் கேட்டால் 'ராத்திரி'யை விட இதுதான் பெரிய வில்லன். புதைந்த வண்டிக்கு இன்னொரு வண்டியும் ஒரு கயிறும் இருந்தால் பத்து நிமிஷம். தனியாக என்றால் ஒரு மண்வெட்டியும் உங்க ரெண்டு கையும். இரண்டரை டன் லேண்ட் குரூசரின் அடியிலிருந்து, தோண்டத் தோண்டச் சரியும் மணலை அள்ளணும்.

நாசாவையே கேளுங்க. 2005 ஏப்ரலில் செவ்வாயில் ஆப்பர்சூனிட்டி என்ற ரோவர் ஒரு மணல் மேட்டில் மாட்டியது. வெளியே எடுக்க ஐந்து வாரத்துக்கு மேல் ஆனது. 2009ல் அதன் இரட்டை, ஸ்பிரிட், இன்னொரு இடத்தில் புதைந்தது. ஆறு சக்கரம், உலகத்தின் சிறந்த மூளைகள், மாசக்கணக்கில் முயற்சி... வரவே இல்லை. 2010 மார்ச்சுக்குப் பிறகு பேச்சும் நின்றுபோனது. பக்கத்தில் கயிறு கட்டி இழுக்க இன்னொரு வண்டி இல்லை, அவ்வளவுதான்.

மாட்டிக்கிட்டா என்ன பண்றது? 1982 ஜனவரி. பாரீஸ் - டாக்கர் ராலியில் அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சரின் மகன் மார்க் தாட்சர், தன் வண்டியில் இருந்த இன்னும் இரண்டு பேரோட சஹாராவில் காணாமல் போனார். ஆறு நாள்! கடைசியில் அல்ஜீரிய ராணுவ விமானம்தான் கண்டுபிடித்தது. பாதையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி, வெள்ளை பெஜோ காரோட இருந்தார்கள். மேலேயிருந்து பார்ப்பவனுக்குக் கார் தெரியும். தனியாக நடக்கும் மனுஷன் ஒரு புள்ளிகூட இல்லை. தூரத்தில் ஒரு விளக்கு தெரியுதேன்னு கிளம்பிடாதீங்க. இருட்டில் ஒற்றை விளக்கு ரெண்டு கிலோமீட்டரா, இருபதா என்று எந்தக் கண்ணாலும் சொல்ல முடியாது.

அந்த டாக்கர் ராலி பிறந்ததே ஒரு ஆள் தொலைந்துபோனதால்தான். 1977ல் இன்னொரு பந்தயத்தில் பைக்கோட சஹாராவில் வழி தவறி, உயிர் பிழைத்து வந்தவர் பிரான்ஸின் தியரி சபீன். அந்த அனுபவத்தின் மயக்கத்தில் 1978 டிசம்பரில் முதல் பாரீஸ் - டாக்கரை நடத்தினார். பாலைவனத்தை அவரளவு காதலித்தவர்கள் குறைவு. 1986 ஜனவரி 14, மாலி நாட்டில், இருட்டும் நேரம், மணல் காற்று. அவர் போன ஹெலிகாப்டர் விழுந்து, அதில் இருந்த ஐந்து பேரும் இறந்தார்கள்.

டாக்கர் 2020லிருந்து சவுதி அரேபியாவில் நடக்கிறது. 2024 ஜனவரியில் ரப் அல் காலியில் 48 மணி நேரப் பந்தயம் என்று புதுசாக ஒன்று வைத்தார்கள். ராத்திரி பகலா ஓட்டணும்னு நினைக்கிறீங்களா? அதான் இல்லை! சாயங்காலம் 4 மணி அடித்தால், அடுத்து வரும் முகாமில் வண்டியை நிறுத்தியே ஆகணும். கூடாரம், படுக்கை, ராணுவ உணவுப் பொட்டலம். மறுநாள் காலை 7 மணிக்குத்தான் திரும்பக் கிளம்பலாம். உலகத்தின் டாப் ஓட்டுநர்கள் அத்தனை பேருக்கும் இதே சட்டம். அந்த வருஷம் பைக்கில் 'ராலி 2' பிரிவை ஜெயித்தவர் நம்ம பக்கத்து மாநிலக்காரர், கேரளாவின் ஹரித் நோவா. இப்படி ஒரு பிரிவை ஜெயித்த முதல் இந்தியர். அவரும் ராத்திரி நிறுத்திப் படுத்தவர்தான்.

அதனால, ஏதோ காரணத்தால் நடு மணலில் இருட்டிவிட்டால்? மேட்டு உச்சியிலோ சரிவிலோ இல்லாமல், கெட்டியான சமதளமா பார்த்து நிறுத்துங்க. மேடுகளுக்கு நடுவில் பளிச்சென்று தட்டையாக உப்புப் படிந்த இடம் தெரியலாம். சப்கா என்பார்கள். மேலே காய்ந்திருக்கும், அடியில் சேறு இருக்கும். அங்கே போகாதீங்க. வண்டி மூக்கைக் கீழ்நோக்கி வைத்து நிறுத்தினால் காலையில் கிளம்புவது சுலபம். தண்ணீரை எண்ணிப் பாருங்க. கிளம்பும் முன்னாடி யாரிடமாவது 'இந்த வழி, இத்தனை மணிக்குத் திரும்புவேன், வரலைன்னா போலீஸுக்குச் சொல்லு'ன்னு சொல்லியிருந்தால், இப்ப நிம்மதியா கண்ணை மூடலாம். குளிர்காலம்னா கம்பளி வேணும். பகலில் வறுக்கிற அதே மணல் ராத்திரியில் நடுங்க வைக்கும்.

இன்ஜினை அணைத்ததும் முதல் பத்து நிமிஷம் காது அடைத்த மாதிரி இருக்கும். அப்புறம் நட்சத்திரம் ஒவ்வொன்றாக இல்லை, மொத்தமாக வரும்.

விடியும்போது சூரியன் தரையோடு தரையாகப் பக்கவாட்டில் அடிக்கும், நம்ம ரவைத் தட்டில் தாழ்வாகப் பிடித்த டார்ச் மாதிரியே. மணலில் காற்று போட்ட கோடு ஒவ்வொன்றும் தெரியும். நேற்று ராத்திரி ஹெட்லைட்டில் சமதளமாகத் தெரிந்து, 'இதையும் தாண்டிடலாம்'னு நீங்க நினைச்ச இடத்தில் பத்து மாடி ஆழத்துக்கு ஒரு சரிவு இருக்கலாம். ராத்திரிக் குளிரில் மணல் கொஞ்சம் இறுகியிருக்கும். டயர் காற்று 15ல் இருக்கான்னு பாருங்க. வெயில் ஏறுவதற்குள் கிளம்புங்க.