ஓதம் ஏறும் சுவரும் ஒரு மூட்டை சிமெண்டும்

பெங்களூரில் பழைய வீடு வாங்கும் ஆசை மெல்லப் பரவுகிறது. மல்லேஸ்வரத்தில் முன்திண்ணை வைத்த ஓட்டு வீடு, பசவனகுடியில் செக்கச் சிவந்த ஆக்சைடு தரை போட்ட வீடு, குக் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம் 'மங்க்கி டாப்' பங்களா. ஜன்னலுக்கு மேல் மரச் சட்டங்களை நெருக்கமாக அடுக்கி, கூரான தொப்பிபோல முன்னால் நீட்டியிருப்பார்களே, அதுதான் மங்க்கி டாப். பங்காளிகள் வழக்கு முடியும்வரை பூட்டிக் கிடந்து, கூரையில் அரசங்கன்று முளைத்து, ஓடு சரிந்து, கடைசியில் ஒருநாள் விலைக்கு வருகிறது. இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டக் காத்திருப்பவர்களை முந்திக்கொண்டு, குடியிருப்பதற்கென்றே அதை வாங்கும் குடும்பங்களைப் பார்க்கும்போது மகிழ்ச்சியாக இருக்கிறது. மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, காத்தா அலைச்சலையெல்லாம் தாண்டிச் சாவி கைக்கு வந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் எனக்குக் கவலை தொடங்குகிறது. பல வருடப் புறக்கணிப்பைத் தாங்கி நின்ற சுவரை, புது உரிமையாளர் அன்போடு செய்யும் முதல் மூன்று மாத மராமத்து கெடுத்துவிடுகிறது. கெடுப்பது சிமெண்ட்.

இந்த வீடுகள் எப்போது எழுந்தவை என்று பார்த்தாலே விஷயம் பாதி புரிந்துவிடும். 1898இல் பிளேக் பெங்களூரைப் புரட்டிப் போட்டது. நெரிசலான பேட்டைத் தெருக்களை விட்டு ஜனங்கள் மல்லேஸ்வரத்துக்கும் பசவனகுடிக்கும் நகர்ந்தார்கள். கண்டோன்மென்ட் எனும் தண்டுப் பகுதியில், பிளேக் அண்டாத குடியிருப்பாக இருக்கவேண்டும் என்றே திட்டமிட்டு ஃபிரேசர் டவுன் 1910இல் திறக்கப்பட்டது. உயர்ந்த கூரை, கூரையடியில் காற்றுப்போக்கி, எதிரெதிர் ஜன்னல் எல்லாம் அந்தப் பயம் கற்றுக்கொடுத்த பாடங்கள். இந்தியாவில் சிமெண்ட் உற்பத்தி காலூன்றியதோ 1914இல், போர்பந்தரில். ஆக, அந்தத் தலைமுறை வீடுகள் கருங்கல் அஸ்திவாரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும், சில இடங்களில் மண்ணும் கொண்டு எழுந்தவை. அந்நாளில் இந்த ஊரைக் கட்டியவர்களில் நம் தமிழர்களும் உண்டு. இன்று கர்நாடக உயர் நீதிமன்றம் இயங்கும் அட்டாரா கச்சேரியை 1868இல் கட்டி முடித்த ஒப்பந்தக்காரர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். தண்டுப் பகுதியின் கொத்து வேலையில் தமிழ் கேட்காத நாள் இருந்திருக்காது.

சுண்ணாம்புச் சுவர் தண்ணீரைத் தடுப்பதில்லை. உறிஞ்சிக்கொள்ளும், வெயில் வந்ததும் காற்றில் விட்டுவிடும். அந்த அஸ்திவாரங்களில் ஈரத்தைத் தடுக்கும் தனிப் படலம் கிடையாது. நிலத்து ஈரம் சுவரில் ஓரளவு ஏறும், பூச்சின் வழியாக வெளியேறும். நூறு வருடமாக இந்தக் கணக்கு சரியாக நடந்துவந்தது. புது உரிமையாளர் வருகிறார். கூடத்துச் சுவர் அடியில் ஓதம் ஏறி, உப்புப் பூத்து, பூச்சு உதிர்ந்து கிடக்கிறது. மேஸ்திரி ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "சார், எல்லாத்தையும் கொத்திட்டு சிமெண்ட் பூசிடலாம். கல்லு மாதிரி நிக்கும்" என்கிறார். நிற்கத்தான் செய்கிறது, பூச்சு மட்டும். வெளியேற வழியில்லாத ஈரம் சுவருக்குள்ளேயே இன்னும் மேலே ஏறுகிறது. ஓரடி உயரத்தில் இருந்த ஓதம் ஜன்னல் சட்டத்தைத் தொடுகிறது, மரம் உளுக்கிறது. உள்ளே சேரும் உப்பு செங்கல்லைத் தூளாக்குகிறது. அதன்மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் பெயிண்ட்டும் அடித்துவிட்டால் மிச்சமிருந்த வழியும் அடைபட்டுப் போகும்.

பலம் குறைந்த காரை எப்படி வீட்டைத் தாங்கும் என்று கேட்பார்கள். இணைக்கும் காரை செங்கல்லைவிட மென்மையாக இருப்பதுதான் பழைய சுவரின் பாதுகாப்பு. அஸ்திவாரம் மயிரிழை இறங்கினால் காரை விட்டுக்கொடுக்கும், விரிசல் இணைப்போடு நின்றுவிடும். சிமெண்ட் விட்டுக்கொடுக்காது, உடைவது செங்கல்லாக இருக்கும்.

இன்னொரு கொடுமை தெருவில் நடக்கிறது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுப் பல தெருக்கள் உயர்ந்துவிட்டன. படியேறிப் போன வீட்டுக்குள் இன்று படியிறங்கிப் போகிறோம். ஒரு மழைக்கு முற்றமெல்லாம் தண்ணீர். இந்த வீட்டுக்கு முதலில் வேண்டியது சுவரோரம் மண்ணை வெட்டித் தாழ்த்தி ஒரு வடிகால். பூச்சு வேலையைப் பிறகு பார்க்கலாம். நோய் வெளியே இருக்க, மருந்தைக் கூடத்துச் சுவரில் பூசிக்கொண்டிருக்கிறோம்.

கூரைக்கும் இதே கதிதான். 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் தொடங்கிவைத்த ஓட்டுத் தொழில் இந்த ஊர்க் கூரைகளின் முகத்தையே மாற்றியது. ஒவ்வொரு தொழிற்சாலை ஓட்டுக்கும் பொருத்துவாய் கொஞ்சம் வேறுபடும். புது ஓட்டைப் பழைய வரிசையில் செருகினால் இடைவெளி விழும், அதில் மழை இறங்கும். அடியில் பதித்த முத்திரையைப் பார்த்து, இடிபடும் வீடுகளிலிருந்து அதே ஓட்டைத் தேடிப் பிடிப்பதே நல்லது. மெட்ராஸ் டெரஸ் எனும் கட்டைக்குத்துத் தளமென்றால் இன்னும் கவனம் வேண்டும். தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கல்லை நெட்டுக்குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து நாள்கணக்கில் அடித்து, மேலே தட்டோடு பதித்த தளம் அது. ஒழுகுகிறதே என்று அதன் தலையில் கான்கிரீட் கொட்டினால் பாரமும் கூடும், ஈரமும் உள்ளே சிறைப்படும். உத்தரத்தின் நடுப்பகுதி நன்றாகவே இருக்கும். சுவருக்குள் புதைந்திருக்கும் முனைதான் முதலில் மக்கும். அங்கே ஒரு திருப்புளியால் குத்திப் பார்க்காமல் எந்த முடிவும் எடுக்கக்கூடாது.

அதனால் வாங்கியவர்களுக்கு நான் சொல்வது: ஒழுகும் இடத்தில் தார்ப்பாய் கட்டுங்கள், குழாய் அடைப்பை எடுங்கள், பழைய மின்கம்பிகளை மாற்றுங்கள், கரையானைப் பாருங்கள். அதற்கு மேல், ஒரு மழைக்காலம் முழுவதும் வீட்டைத் தொடாதீர்கள். ஜூனிலிருந்து அக்டோபர்வரை தண்ணீர் எங்கே வருகிறது, எங்கே நிற்கிறது, எந்தச் சுவர் எத்தனை நாளில் உலர்கிறது என்று பென்சிலால் சுவரிலேயே கோடு போட்டு வையுங்கள். எந்த மதிப்பீட்டு அறிக்கையும் அந்தக் கோடுகளுக்கு ஈடாகாது.

இவ்வளவு சிரமத்துக்கு இடித்துக் கட்டினால் வாடகையாவது வரும் என்பவர்கள் உண்டு. நிலம் விற்கும் விலையில் அவர்கள் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பழைய கட்டடங்கள் மீண்டிருக்கின்றன. மைசூரு யாதவகிரியில் ஆர்.கே. நாராயண் வாழ்ந்த வீட்டை 2011இல் இடிக்கத் தொடங்கிய பிறகு எதிர்ப்பு எழுந்து, அது சீரமைக்கப்பட்டு 2016இல் நினைவகமாகத் திறந்தது. புதுச்சேரி வைசியாள் வீதியின் தமிழ் வீடுகளைப் புதுப்பித்த பணிக்கு 2008இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. ஸ்ரீரங்கம் கோயில் திருப்பணிக்கு 2017இல் அதே விருது வந்தது.

என் மனத்தை அரிப்பது பணமும் அல்ல, சட்டமும் அல்ல. சுண்ணாம்பு தெரிந்த கை குறைந்துகொண்டே போகிறது. சுண்ணாம்பை நீற்றி, இரண்டு மூன்று வாரமாவது தண்ணீருக்குள் ஊறவிட்டு, மணலும் செங்கல் தூளும் சேர்த்து அரைத்து, மெல்லிய பூச்சாக ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி, ஒவ்வொன்றும் காற்றை வாங்கி இறுகும்வரை ஈரம் காயாமல் காக்க வேண்டும். ஒரே நாளில் ஒரு சுவரை முடித்துக் கூலி வாங்கிப் பழகிய பையனுக்கு இது பொறுக்காது. கோயில் திருப்பணியிலும் செட்டிநாட்டு வீடுகளிலும் இந்த வேலை பார்த்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிறகு யார்? வீடுகளைப் பட்டியல் போட்டுப் பாதுகாத்துவிடலாம். பூசத் தெரிந்தவர் இல்லாமல் போனால் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆகவே அப்படி ஒருவரை அழைத்து வரும்போது உள்ளூரில் சிமெண்ட் வேலை பார்க்கும் இரண்டு இளைஞர்களையும் அவரோடு சேர்த்துவிடுங்கள். பின்கட்டுச் சுவர் ஒன்றை அவர்கள் பழகக் கொடுங்கள். சரியில்லையென்றால் உதிர்த்துவிட்டு மறுபடி பூசட்டும். பழகிய கையோடு அவர்கள் முன்கூடத்துக்கு வரும்வரை, சில மாதங்களுக்கு அந்த இருவரின் கூலியும் மராமத்துச் செலவிலேயே எழுதப்படட்டும்.