காமிராவுக்கும் ஒரு காப்பு!

கல்யாண வீட்டுக்குப் போனால் நீங்கள் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? பெண்ணின் கூறைப் புடவையை, மாப்பிள்ளை வீட்டார் போட்ட நகையை. நானோ, போட்டோகிராபரின் தோளில் தொங்கும் பையைத்தான் பார்ப்பேன்! என் கணவருக்கு அதுதான் தொழில். கும்பகோணத்தில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ. கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, ஜவுளிக்கடை விளம்பரம் என்று எது வந்தாலும் எடுப்பார். மாதச் சம்பளம், பி.எஃப். என்பதெல்லாம் கிடையாது. முகூர்த்த மாதங்களில் வருவதை ஆடிக்கும் மார்கழிக்கும் முடிந்து வைத்துக் கொள்ளும் குடும்பம் எங்களுடையது.

2022-ம் வருஷம் ஆவணி மாதம். தாலி கட்டி முடிந்ததும், "வாங்க தம்பி, பந்தி நடக்குது" என்று பெண்ணின் அப்பா கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். பையை மேடை ஓரத்தில் வைத்துவிட்டு இவர் சாப்பிடப் போனார். பாயசம் வருவதற்குள் பை போய்விட்டது. ஒரு காமிரா, இரண்டு லென்ஸ், ஃபிளாஷ் எல்லாமாக இரண்டு லட்ச ரூபாய்க்கு மேல். முகூர்த்தப் படங்கள் இருந்த கார்டைச் சட்டைப்பையில் போடுவது அவர் வழக்கம். அதனால் அந்தப் பெண்ணின் தாலி கட்டும் படமாவது தப்பியது.

வீட்டுக்கு வந்தவர் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார். "இன்ஷூரன்ஸ்தான் இருக்கே, ஏன் கவலைப்படறீங்க?" என்றேன். வருஷா வருஷம் பணம் கட்டின ரசீதைப் பீரோவில் பத்திரமாக வைத்திருந்தேனே! மறுநாள் போலீஸில் எழுதிக் கொடுத்து, நகலுடன் இன்ஷூரன்ஸ் ஆபீஸுக்குப் போனோம். சில வாரம் கழித்துப் பதில் வந்தது: "பணம் கிடையாது."

அழுகையே வந்துவிட்டது. அடுத்த தெரு மாமா ஒருவர் இன்ஷூரன்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாலிஸியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது ஸ்டூடியோவுக்கான கன்னக்கோல் திருட்டு பாலிஸி. ஸ்டூடியோவுக்குள்ளே பூட்டையோ ஜன்னலையோ உடைச்சுத் திருடினாத்தான் பணம். மண்டபத்துலே அசந்த நேரம் பையைத் தூக்கிட்டுப் போனா இதிலே வராதே!" என்றார்.

கம்பெனி ஏமாற்றவில்லை. நாங்கள்தான் படிக்கவில்லை. என் இரட்டைவடச் சங்கிலி அடகுக்குப் போயிற்று. இரண்டாவது காமிரா வந்தது. அத்தோடு எனக்குப் புத்தியும் வந்தது. மாமாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்காரரோ, தம்பியோ, நீங்களேவோ இந்தத் தொழிலில் இருந்தால் உபயோகப்படும்.

எது கட்டாயம்?

வண்டிக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் சட்டப்படி கட்டாயம் என்பது தெரியும். இப்போது கல்யாணங்களில் டிரோன் பறக்கவிடுகிறார்களே, அதற்கும் கட்டாயம்! 2021-ம் வருஷத்து டிரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு மேல் எடையுள்ள டிரோனுக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் இருந்தாக வேண்டும். பந்தலில் யார் தலையிலாவது விழுந்தால் என்ன கதி, யோசித்துப் பாருங்கள். 250 கிராம் வரை உள்ள குட்டி டிரோனுக்கு மட்டும் விலக்கு.

மற்றவை நம் புத்திசாலித்தனத்தைப் பொறுத்தவை.

சாமான்களுக்கு

வெளியே எடுத்துப் போகும் காமிரா, லென்ஸுக்கு 'ஆல் ரிஸ்க்' பாலிஸி என்று கேட்டு வாங்க வேண்டும். திருட்டு, தவறி விழுந்து உடைதல் இரண்டும் அதில் சேரும். அதற்காக எல்லாமே சேரும் என்று நினைத்துவிடக் கூடாது. நாள்பட்ட தேய்மானம் சேராது. பூட்டாத காரில் விட்டுப் போனால் பெரும்பாலும் பணம் வராது. எது சேராது என்று எழுதியிருக்கும் பக்கத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

ஸ்டூடியோவுக்குத் தீ, புயல், வெள்ளத்துக்கு வேறு பாலிஸி. 5 கோடி ரூபாய்க்கு உட்பட்ட சிறு தொழில்களுக்கென்றே 2021 ஏப்ரலில் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பொது பாலிஸி வந்திருக்கிறது. சாதாரணத் திருட்டு இதில் வராது. அதற்குத் தனியாக எடுக்க வேண்டும். வீட்டிலேயே சாமான் வைத்திருப்பவர்கள், வீட்டு பாலிஸியில் தொழில் சாமான் சேருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, பிரீமியம் குறையட்டும் என்று மதிப்பைக் குறைத்து எழுதாதீர்கள். 4 லட்ச ரூபாய்ச் சாமானை 2 லட்சத்துக்கு எழுதி வைத்து, 1 லட்சத்துக்கு நஷ்டம் வந்தால், பாதிதான், அதாவது 50 ஆயிரம்தான் கிடைக்கக்கூடும்.

பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கு

விளக்கு ஸ்டாண்டு சரிந்து ஒரு குழந்தைக்கு அடிபட்டால்? இதற்குப் பொதுப் பொறுப்பு பாலிஸி. பெரிய கம்பெனிகளின் விளம்பர வேலைக்குப் போனால் இந்தப் பாலிஸி இருக்கிறதா என்று கேட்கக்கூடும். ஏணியில் ஏறும் உதவிப் பையன்களுக்கு வேலையாள் இழப்பீட்டு பாலிஸி எடுப்பது நம் கடமை. அவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே!

குடும்பத்துக்கு

காமிரா போனால் வாங்கலாம். காமிராவைப் பிடிக்கும் கை? சொந்தத் தொழில்காரருக்கு மருத்துவ பாலிஸி மிக அவசியம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவ பாலிஸிக்கும் ஆயுள் பாலிஸிக்கும் ஜி.எஸ்.டி. இல்லை. பாங்க் கணக்கு இருந்தால் வருஷம் 20 ரூபாயில் 2 லட்சத்துக்கு விபத்துக் காப்பு (18 முதல் 70 வயது வரை), 436 ரூபாயில் 2 லட்சத்துக்கு ஆயுள் காப்பு (18 முதல் 50 வயதுக்குள் சேரலாம்) உண்டு. இரண்டும் 2015-ல் வந்த பிரதமர் பெயரிலான திட்டங்கள்.

சகோதரிகளே, இதைக் கவனமாகக் கேளுங்கள். 1874-ம் வருஷத்து மணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. கணவர் தம் ஆயுள் பாலிஸியை அதன் கீழ் மனைவி, குழந்தைகள் பெயருக்கு எழுதி வைத்தால், தொழிலுக்குக் கடன் கொடுத்தவர்கள் அந்தப் பணத்தில் கை வைக்க முடியாது. பாலிஸி எடுக்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும்.

நம் கையில் இருப்பது

ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். காமிரா, லென்ஸ் ஒவ்வொன்றின் சீரியல் நம்பர், வாங்கிய தேதி, விலை எழுதி, பில்லின் நகலை ஒட்டி வையுங்கள். திருடு போனால் உடனே போலீஸுக்கும் கம்பெனிக்கும் எழுத்தில் சொல்லுங்கள். நியாயமான பணத்தை மறுத்தால், முதலில் கம்பெனிக்கே புகார் எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையில் அவர் ஆபீஸ் இருக்கிறது. கட்டணமோ வக்கீலோ வேண்டாம்.

இப்போது எங்கள் பாலிஸிகளின் கடைசித் தேதிகள் சமையலறைக் காலண்டரில், பால் கணக்குக்குப் பக்கத்தில் இருக்கின்றன. காமிராவுக்குக் கட்டும் வருஷப் பிரீமியம், ஒரு கல்யாண ஆர்டருக்கு வாங்கும் முன்பணத்தைவிடக் குறைவு! சங்கிலியையும் போன தையில் மீட்டுவிட்டேன்.

இவர் இன்றைக்கும் பந்திக்குப் போகிறார், பையைத் தோளில் மாட்டிக்கொண்டே. "இலையிலே பை இடிக்குதேப்பா" என்று பக்கத்து இலைக்காரர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டுமே!