உலகை அளக்கும் மாணாக்கர்

நோய் நாட்டெல்லைகளை அறியாது. ஓரிடத்திலே தேங்கிய நீரிற் பிறந்த நுளம்பு பரப்பும் காய்ச்சல், பயணிகளோடு கடல் கடந்து மறு நாட்டையும் அடைகின்றது. ஆதலின் சூழற் சுகாதாரக் கல்வியும் நாடுகளிடையே பகிரப்படல் வேண்டும்.

இதற்குத் தக்க சான்று 'குளோப்' என்னும் திட்டமாகும். 1994 ஆம் ஆண்டு ஏப்பிரல் 22 ஆம் நாள், அப்பொழுது ஐக்கிய அமெரிக்காவின் உபஜனாதிபதியாயிருந்த அல் கோர் இதனை அறிவித்தார். 1995 இல் இது செயற்படத் தொடங்கியது. இன்று 120 இற்கு மேற்பட்ட நாடுகள் இதிற் பங்குகொள்கின்றன. மாணாக்கர் தம்மூர்க் காற்று, நீர், மண் என்பவற்றை ஒரே முறையில் அளந்து பொதுக் களஞ்சியமொன்றிற் பதிகின்றனர். முறை ஒன்றாயிருப்பதாலேயே ஒரு நாட்டு மாணவன் குறித்த எண்ணைப் பிறிதொரு நாட்டு மாணவி தன் எண்ணோடு ஒப்பிட முடிகின்றது.

2017 இல் நுளம்புக் குடம்பிகளைத் தேடும் பணியும் இதனுடன் சேர்ந்தது. பழைய டயர், பூச்சாடி முதலியவற்றிலே தேங்கிய நீரை ஆராய்ந்து, குடம்பிகளை எண்ணி, இனங்கண்டு, இடத்தையும் குறித்தபின், இயன்றவிடத்து அந்நீரைக் கொட்டிவிடுவர். டெங்கு பரப்பும் நுளம்பு முட்டையிலிருந்து முழுவளர்ச்சி பெற ஏறக்குறைய 7 முதல் 10 நாட்கள் செல்லும். ஆகவே வாரந்தோறும் நீரை அகற்றின், சிறகு முளைக்குமுன்பே அது அழியும்.

குடம்பி காணப்படவில்லை என்பதும் பயனுள்ள செய்தியே. காணாததைக் கண்டதாக எழுதினாலோ ஒப்பீடு முழுவதும் பழுதாகும். அளவையில் நேர்மை பயிலும் பிள்ளை, அயலாரின் நலத்துக்குத் தானும் பொறுப்பாளி என்பதையும் உடன் கற்கின்றது.