பிரதிநிதியின் தொழிலும் தேர்தற் பணமும்

மக்கள் ஒருவரைத் தம் பிரதிநிதியாகத் தெரிவு செய்யுமுன் இரண்டு வினாக்களை எழுப்புதல் நன்று. அவர் எத்தொழிலால் வாழ்ந்தவர்? அவருடைய தேர்தற் செலவுக்குரிய பணம் எங்கிருந்து வந்தது? முன்னையது அவருடைய பயிற்சியைக் காட்டும். பின்னையது, பாராளுமன்றத்தில் அவர் யாருக்குக் கடமைப்பட்டவர் என்பதைக் காட்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் முதல் வினாவுக்கு விடை காண்பது எளிது. காங்கேசன்துறைப் பிரதிநிதியாக விளங்கிய சா. ஜே. வே. செல்வநாயகத்தை எடுத்துக்கொள்வோம். 1898ஆம் ஆண்டு மலாயாவின் ஈப்போ நகரிற் பிறந்து, தெல்லிப்பழையில் வளர்ந்த அவர், விஞ்ஞானப் பட்டம் பெற்று ஆசிரியரானார். பின்னர்ச் சட்டம் பயின்று அப்புக்காத்தானார். சிவில் வழக்குகளிற் பெயர் நாட்டிய பின்னரே 1947இல் பாராளுமன்றம் புகுந்தார். 1952இல் தோல்வியுற்று, 1956இல் மீண்டும் வென்றார். அவர்காலத் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலமும் அப்புக்காத்தே.

வழக்கறிஞர் இவ்வாறு முன்னின்றது தற்செயலன்று. படித்த யாழ்ப்பாணத்தவர் பெரிதும் நாடியது அரசாங்க உத்தியோகம். ஆனால், உத்தியோகத்தர் பாராளுமன்ற உறுப்பினராதலை அக்கால அரசியலமைப்பு தடுத்தது. தம் ஊதியத்தைத் தாமே தேடிய வழக்கறிஞருக்கு அத்தடை இல்லை.

இனி, இரண்டாவது வினா. 1946ஆம் ஆண்டின் தேர்தற் சட்டம் வேட்பாளரின் செலவுக்கு ஓர் உச்ச எல்லை விதித்தது. தேர்தல் முடிந்தபின் கணக்கும் கேட்டது. 1981ஆம் ஆண்டின் பாராளுமன்றத் தேர்தற் சட்டத்தில் இந்த ஏற்பாடுகள் இடம்பெறவில்லை. அதே காலத்தில் தேர்தல் முறையும் மாறியது. தனித் தொகுதிகளுக்குப் பதிலாக, கிளிநொச்சியையும் உள்ளடக்கிய யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் முழுவதும் ஒரே களமாயிற்று. விருப்பு வாக்கு வந்தபின், ஒரே கட்சியின் வேட்பாளர்களும் தம்முள் போட்டியிட்டனர். களம் விரிந்தது, செலவு பெருகியது, கணக்குக் கேட்பார் இல்லை.

இக்குறையை நீக்க எழுந்ததே 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தற் செலவின ஒழுங்குபடுத்தற் சட்டம். 2024 நவம்பர் 14இல் நடந்த பாராளுமன்றத் தேர்தலில் இது நடைமுறையில் இருந்தது. வெளிநாட்டு அரசாங்கம், அரச திணைக்களம், பெயர் அறியப்படாதோர் ஆகியோரிடம் நன்கொடை பெறலாகாது. முடிவு வெளியாகி 21 நாட்களுள், பெற்ற பணத்துக்கும் செய்த செலவுக்கும் வேட்பாளர் கணக்குக் காட்டவேண்டும்.

எனினும், ஒன்றைக் கருதல் வேண்டும். இக்கணக்கு வருவது வாக்களித்த பின்னரே. பிரதிநிதியின் தொழில் வரலாறு முன்னரே தெரியும். பணத்தின் வரலாறு பின்னர்தான் தெரியும். ஆகவே, தேர்தலோடு வாக்காளனின் கடமை தீர்ந்துவிடுவதில்லை. கொடுத்தவர் யார் என்பதைப் பார்த்து வைத்து, உறுப்பினர் பின்னர் யாருக்காகப் பேசுகிறார் என்பதோடு ஒப்பிட்டு நோக்குபவனே, அடுத்த தேர்தலில் தன் வாக்கின் பெறுமதியை அறிந்து வழங்குவான்.