சமவெளியும் மிதிவண்டியும்

சேர்வராயன் மலையடிவாரத்திலிருந்து தெற்கே நாமக்கல் வரை பரந்து கிடக்கும் நிலத்தைப் பார்ப்பவர், மிதிவண்டிக்கு இதைவிட எளிய இடம் இல்லை என்றே எண்ணுவர். ஏற்காட்டுச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கொல்லிமலைச் சாலையில் 70. சமவெளியில் அவ்வாறு ஏதுமில்லை. ஆயினும், மலையேறுபவருக்கு இறக்கத்தில் ஓய்வு கிடைக்கும். சமவெளியில் மிதிப்பதை நிறுத்தினால் வண்டி சிறிது தொலைவிலேயே நின்றுவிடும். சேலத்திலிருந்து நாமக்கல் சென்று திரும்பினால் 100 கிலோமீட்டருக்கு மேலாகும். அத்தனையையும் மிதித்தே கடக்க வேண்டும்.

அறப்பணிக்கு நிதி திரட்டும் நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணங்கள் இன்று பல நாடுகளில் நிகழ்கின்றன. 1980-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பில்லி ஸ்டார் என்பவர் 36 பேர் கொண்ட குழுவாக அத்தகைய பயணமொன்றைத் தொடங்கினார். அப்போது திரண்ட தொகை ஏறத்தாழ 10,200 டாலர். ‘பான் மாஸ் சேலஞ்ச்’ என்ற பெயரில் அது இன்றும் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. இவ்வகைப் பயணத்தில் முதலிடமும் இல்லை, கடைசியிடமும் இல்லை. பயணி சென்று சேர்வார் என்று நம்பி உறவினரும் நண்பரும் பணம் தருகின்றனர். அந்த நம்பிக்கைக்கு ஈடாகத் தம் உடலை ஆயத்தப்படுத்துவதே அவர் செய்ய வேண்டிய வேலை.

பகலெல்லாம் கடையிலோ தறியிலோ உழைக்கும் ஒருவருக்குப் பயிற்சிக்கான பொழுது குறைவு. வாரத்தில் இரண்டு மூன்று நாள் சிறு பயணம், விடுமுறை நாளில் ஒரு நெடும்பயணம் என்ற முறை அவருக்குப் பொருந்தும். நெடும்பயணத்தின் தொலைவை வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு அளவே கூட்ட வேண்டும். உடன் வருபவரோடு தடையின்றிப் பேசக்கூடிய வேகமே பெரும்பாலான நாள்களுக்குப் போதும். இந்த மிதமான உழைப்பில்தான் தசைகளில் நுண்குருதிக் குழாய்கள் பெருகுகின்றன. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியான குருதியைச் செலுத்தப் பழகுகிறது. தொடக்கத்திலேயே முழு வேகத்தில் பாய்பவர்கள் முழங்கால் வலியோடு வீட்டில் அமர்ந்துவிடுவதுதான் வழக்கம்.

உடலில் சேமிப்பாக உள்ள மாவுச்சத்து ஏறத்தாழ 2,000 கலோரி ஆற்றலையே தரும். கடும் உழைப்பில் அது இரண்டு மணி நேரத்திலேயே தீரக்கூடும். ஆகவே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்தைப் பயணத்தின் போதே உண்ண வேண்டும். இதற்கென விலையுயர்ந்த பொட்டலங்களைத் தேட வேண்டியதில்லை. மரவள்ளிக் கிழங்கிலிருந்து செய்யப்படும் சேலம் ஜவ்வரிசி பெரும்பாலும் மாவுச்சத்தே. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பொருள் அது. அதன் கஞ்சியைக் காலையில் குடித்து, வழியில் வாழைப்பழமும் வெல்லமும் உண்ணலாம். திரும்பியபின் தசையைச் சீராக்கும் புரதத்திற்கு நாமக்கல் முட்டை இருக்கிறது.

நீரைப் பற்றி மட்டும் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கோடைப் பயணத்தில் மணிக்கு ஒரு லிட்டர் வியர்வை வெளியேறலாம்; அதோடு உப்பும் போகிறது. வெறும் நீரையே அளவுக்கு மீறிக் குடித்தால் குருதியில் சோடியத்தின் செறிவு குறைந்து தலைவலி, குமட்டல், மனக்குழப்பம் தோன்றும். நீர் வற்றியவரிடமும் ஏறக்குறைய இதே அறிகுறிகள் காணப்படுவதால், அருகிலிருப்போர் மேலும் நீர் புகட்டி உயிருக்கே தீங்கு விளைவிப்பதுண்டு. உப்பிட்ட நீர்மோரைத் தாகத்திற்கேற்ப அருந்துவது நல்லது. குழப்பம் தோன்றினால் பயணத்தை நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும். உடல் வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். பழகியபின் வியர்வை விரைவில் தொடங்கும். அதில் உப்பும் குறையும்.

ஆடி மாதத்தில் வெயில் தணிந்தாலும் காற்று விடாது. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே கொங்குச் சமவெளியில் நுழைகிறது. அப்போது இராசிபுரத்திலிருந்து திருச்செங்கோடு நோக்கி மேற்கே செல்பவருக்கு அது எதிர்க்காற்று. காற்றுத்தடை வேகத்தின் இருமடிக்கேற்ப உயர்வதால், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் 15 கிலோமீட்டர் எதிர்க்காற்றைச் சந்தித்தால் அவர் எதிர்கொள்ளும் தடை மூன்று மடங்காகும். வேகத்தைக் காக்க முயலாமல் உழைப்பின் அளவைக் காப்பதே அறிவுடைமை. முதலில் எதிர்க்காற்றில் சென்று, களைத்தபின் பின்காற்றில் திரும்புமாறு பாதையை அமைத்துக்கொள்ளலாம்.

நாமக்கல் வட்டாரம் லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்றது. நெடுஞ்சாலையில் பெரிய வண்டி கடக்கும்போது காற்று முதலில் வெளியே தள்ளி, அடுத்த நொடியில் உள்ளே இழுக்கும். கைப்பிடியை உறுதியாகவும் தோள்களைத் தளர்வாகவும் வைத்திருக்கப் பழகாதவர் தடுமாறுவர். தலைக்கவசம், பின்விளக்கு, ஒளிரும் மேலாடை ஆகியவை பகலிலும் தேவை. வழி சற்று நீண்டாலும் ஊர்ச்சாலைகளைத் தேர்வது நன்று.

புறப்படுவதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் பயிற்சியைப் பாதியாகக் குறைக்க வேண்டும். பலருக்கு இதுவே கடினமாகத் தோன்றுகிறது; கற்றது கரைந்துவிடுமோ என அஞ்சிக் கடைசி ஞாயிறன்று மறுபடியும் 100 கிலோமீட்டர் மிதிக்கின்றனர். இரண்டு வாரத்தில் இழக்கும் வலிமை மிகச் சிறிது. அந்நாள்களைச் சங்கிலிக்கு எண்ணெய் இடவும், தேய்ந்த தடைக்கட்டைகளை மாற்றவும், பஞ்சர் ஒட்டிப் பழகவும் பயன்படுத்தலாம்.