எல்லை மரமும் அயலார் சச்சரவும்

சேலம் ஜில்லா சேர்வராயன் மலையில், ஏற்காட்டைச் சூழ்ந்துள்ள கிராமங்களுள் செம்மநத்தமும் ஒன்று. 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராயிருந்த எம். டி. காக்பர்ன் என்பவர் இம்மலையில் காப்பிப் பயிரைப் புகுத்திய காலந்தொட்டு, மலைச்சரிவுகளில் காப்பித் தோட்டங்கள் பெருகின. பெரிய தோட்டங்களுக்கு அருகிலேயே ஓரிரண்டு ஏக்கர் கொண்ட சிறு தோட்டங்களும் நெருங்கி அமைந்துள்ளன. ஒருவர் தோட்டத்திற்கும் மற்றவர் தோட்டத்திற்கும் இடையே சுவர் இருப்பது அரிது. ஒரு வரிசை சில்வர் ஓக் மரமோ, கல்யாண முருங்கையோ, தானே முளைத்த உண்ணிச்செடிப் புதரோதான் எல்லையாக நிற்கும்.

நட்டபொழுது கைத்தடி போன்றிருந்த மரம் இருபது ஆண்டுகளில் இரு தோட்டங்களையும் கவித்து நிற்கின்றது. நட்டவர் காலஞ்சென்று, பாகப்பிரிவினையில் நிலம் கைமாறியபின், மரம் யாருடையது, கிளையை வெட்டுவது யார், பழம் யாருக்கு என்னும் கேள்விகள் எழுகின்றன. களையெடுப்புக்கும் காப்பிப்பழம் பறிப்பதற்கும் ஒருவருக்கொருவர் ஆள் கொடுத்துதவிய அயலார், ஒரு கிளையின் பொருட்டு நியாயஸ்தலம் ஏறுகின்றனர். மரத்தின் விலையைக் காட்டிலும் வியாஜ்யச் செலவே மிகுதியாகிவிடுவதும் உண்டு.

சச்சரவு எழும் விதம்

மலைச்சரிவில் மேல்காட்டுக்காரர், கீழ்காட்டுக்காரர் என இருவர் இருப்பதாகக் கொள்வோம். மேல்காட்டு எல்லையில் நிற்கும் சில்வர் ஓக் மரங்களின் கிளைகள் கீழ்காட்டின் மேல் பரவுகின்றன. அந்நிழலில் கீழ்காட்டுக் காப்பிச் செடிகள் நெட்டையாய் வளர்ந்து, காய் குறைகின்றன. ஈரம் உலராமையால் இலைத்துரு நோயும் கருமை அழுகலும் மிகுகின்றன. பலமுறை சொல்லியும் பலன் காணாத கீழ்காட்டுக்காரர் ஒருநாள் ஆள்விட்டு, தம் பக்கத்துக் கிளைகள் யாவற்றையும் அடியோடு கழித்துவிடுகின்றார். மரத்தில் ஏறியிருந்த மிளகுக்கொடியும் அறுபட்டு விழுகின்றது. மேல்காட்டுக்காரர் நஷ்டம் கேட்கின்றார். இவரோ தமக்குண்டான நஷ்டத்தைக் கூறுகின்றார். இருவர் பக்கத்திலும் ஓரளவு நியாயம் இருப்பதே இவ்விவகாரம் எளிதில் தீராமைக்குக் காரணம்.

நிழலும் பயிரும்

நிழல் முழுவதும் தீங்கு என்று எண்ணுவது தவறு. அரபிகா காப்பிக்கு அளவான நிழல் இன்றியமையாதது. காப்பியின் கொடிய பகையாகிய வெள்ளைத் தண்டுத்துளைப்பான் வண்டு, வெயில்பட்டுச் சூடேறிய தண்டுகளின் பட்டைவெடிப்புகளிலேயே முட்டையிட விரும்பும். ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் இவ்வண்டுகள் வெளிப்பட்டுப் பறக்கும். அச்சமயத்தில் எல்லை வரிசையை மொட்டையடித்துவிட்டால், வெட்டியவர் தோட்டத்திற்கே வண்டு வந்து சேரும். முட்டையிலிருந்து வரும் புழு தண்டைக் குடைந்து உள்ளே செல்லும். இலை மஞ்சளித்து, இளஞ்செடி மடியும். அங்கு பெருகும் வண்டு எல்லைக் கல்லைப் பார்த்து நிற்பதில்லை. அடுத்த தோட்டத்திற்கும் செல்லும்.

அசட்டையாய் விடப்பட்ட எல்லைப் புதரும் அவ்வாறே கேடு தரும். புதருக்குள் மறைந்த காப்பிச் செடிகளில் பறிக்காமல் நிற்கும் பழமும், உதிர்ந்து கிடக்கும் பழமும் காய்த்துளைப்பானுக்குப் புகலிடமாகும். இந்தியாவில் இப்பூச்சி நீலகிரி ஜில்லா கூடலூர் வட்டாரத்தில் 1990-ல் முதன்முதலாகக் காணப்பட்டது. மேலும், உண்ணிச்செடியின் பழத்தைப் பறவைகள் தின்று விதையை எங்கும் பரப்பும். அதன் தழை கால்நடைகளுக்கு நஞ்சு. கோடையில் காய்ந்த புதரில் தீப்பற்றினால் இரு தோட்டங்களும் கருகும். ஆகவே எல்லைப் பராமரிப்பு இருவருக்கும் பொதுவான பயிர்ப் பாதுகாப்பேயாகும்.

சட்டம் கூறுவது

மரத்தின் அடி எவர் நிலத்தில் உள்ளதோ, மரம் அவருடையது. அடிமரமே எல்லைக்கோட்டின்மேல் நின்றால், அது இருவருக்கும் பொதுவாகக் கருதத்தக்கது. ஒருவர் சம்மதமின்றி மற்றவர் வெட்டுதல் முறையன்று.

தம் நிலத்தின்மேல் நீண்டு தொங்கும் கிளையை எல்லைக்கோடு வரை வெட்டிக்கொள்ள நிலச் சொந்தக்காரருக்கு உரிமையுண்டு என்று இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1894-ல் தீர்ப்பளித்தது. அயலார் நிலத்தில் கால்வைக்காமல் வெட்டமுடியுமாயின் முன்னறிவிப்பும் தேவையில்லை என்றும், நெடுங்காலம் தொங்கிற்று என்பதனால் மட்டும் மரக்காரருக்கு அவ்வாறு தொங்கவிடும் உரிமை உண்டாகாது என்றும் அத்தீர்ப்பில் கூறப்பட்டது. நம் நாட்டு நியாயஸ்தலங்களும் இக்கொள்கையைத் தழுவியே கிளைகளை அகற்றுமாறு உத்தரவிட்டுள்ளன. எல்லை கடந்து வரும் வேர்களுக்கும் இதுவே விதி.

எனினும் இவ்வுரிமைக்கு வரம்புண்டு. வெட்டிய விறகும், கிளையிலிருந்த பழமும் மரக்காரருக்கே உரியவை. தம் பக்கம் தொங்கும் பலாப்பழத்தைப் பறித்து வைத்துக்கொள்வதற்கு உரிமையில்லை. அவ்வாறே, மரக்காரரும் மிளகு பறிக்க அயலார் நிலத்தில் ஏணி வைப்பதற்கு அனுமதி பெறவேண்டும். எல்லைக்கோட்டிற்கு அப்பால் ஒரு முழம் வெட்டினாலும் அதற்கு நஷ்டஈடு கொடுக்க நேரிடும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி, அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் பட்டா நிலத்து மரத்தை வீழ்த்துவதற்கும் கமிட்டியின் அனுமதி வேண்டும். சந்தனமரத்திற்குத் தனி விதிகள் உண்டு. ஆதலால், அயலார் சம்மதித்துவிட்டார் என்பதைமட்டும் கொண்டு மரத்தை அடியோடு சாய்க்கலாகாது. வன அலுவலகத்தில் விசாரித்தறிந்த பின்னரே கோடரி எடுக்கவேண்டும்.

கையாளவேண்டிய முறை

1. முதலில் எல்லையை நிச்சயித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான கிளைத் தகராறுகள் உண்மையில் எல்லைத் தகராறுகளே. 1923-ஆம் ஆண்டின் சர்வே, எல்லைச் சட்டப்படி சர்வே கற்களைப் பாதுகாப்பது நிலச் சொந்தக்காரரின் கடமை. கல் மண்ணில் புதைந்திருந்தால் தாலுகா அலுவலகத்தில் மனுச்செய்து, சர்வேயரைக்கொண்டு அளந்து, இருவர் முன்னிலையிலும் கல்லை வெளிப்படுத்தி வைக்கவேண்டும்.

2. காப்பிப்பழம் பறித்து முடிந்ததும், மாசி மாதத்தில் இரு தோட்டக்காரரும் ஒருங்கே எல்லையை நடந்து பார்த்து, கழிக்கவேண்டிய கிளைகளுக்குச் சுண்ணாம்பால் அடையாளமிட வேண்டும்.

3. வெட்டுவதை உடனே செய்யாமல், கோடைவெயில் தணிந்து மழை பிடித்தபின் செய்வது நலம். ஒரே ஆண்டில் மொட்டையடிக்காமல், தாழ்ந்த கிளைகளை முதலில் நீக்கி, உயர்ந்த கிளைகளைச் சிறிது சிறிதாகக் குறைத்தால் சிதறிய நிழல் நிலைக்கும். பெருங்கிளைகளைக் கயிறு கட்டி இறக்கினால் கீழுள்ள செடி முறியாது.

4. வெட்டுகூலியை மரக்காரர் ஏற்பதும், விறகை அவரே எடுத்துக்கொள்வதும் நியாயமான ஏற்பாடு. மரம் பொதுவாயின் கூலியும் விறகும் சரிபாதி.

5. புதிதாக நடுவோர் சில்வர் ஓக் கன்றை எல்லையிலிருந்து குறைந்தது பத்தடி உள்ளடங்க நடுதல் நன்று. மூங்கிலை எல்லையோரம் நடாதிருத்தலே மேல். உயிர்வேலியை ஆண்டுக்கு இருமுறை கத்தரித்து, நான்கைந்து அடி உயரத்திற்கு மேற்படாமல் வைக்கவேண்டும். உண்ணிச்செடியைப் பூக்குமுன் வேரோடு பிடுங்கவேண்டும். மேலே வெட்டினால் மீண்டும் துளிர்க்கும்.

6. பேசி முடிவுசெய்ததை ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். நிலம் மக்களிடம் போகும்போது இத்தாள் பல சண்டைகளைத் தடுக்கும்.

கிராம அதிகாரிகளுக்கு

கிராம நிர்வாக அலுவலரிடம் இத்தகைய புகார் வரும்போது, மரத்தைப்பற்றி அபிப்பிராயம் கூறுமுன் நிலவரைபடத்தை இருவருக்கும் காட்டுதல் பயன்தரும். உரிமையைத் தீர்மானிப்பது சிவில் நியாயஸ்தலத்தின் வேலை. ஆயினும் அங்கு செல்லுமுன் இருவரையும் எல்லையில் நேரில் நிறுத்திப் பேசவைப்பதைத் தடுக்கும் சட்டம் ஏதுமில்லை. பாதைமேலோ குடியிருப்பின்மேலோ விழக்கூடிய நிலையில் மரம் சாய்ந்திருந்தால் மட்டும் காலதாமதம் செய்யலாகாது. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவில் இருந்த அதிகாரம், இப்போது 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 152-ஆம் பிரிவில் உள்ளது. அதன்படி, அத்தகைய மரத்தை அகற்றவோ முட்டுக்கொடுக்கவோ நிர்வாக மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். அதற்குரிய தகவலைத் தாசில்தாருக்கு உடனே அனுப்பவேண்டும்.

கிளையை வெட்டும் உரிமை சட்டத்தில் இருக்கின்றது; எவ்வளவு வெட்டுவது, எப்பொழுது வெட்டுவது என்பவற்றைப் பயிரே தீர்மானிக்கவேண்டும். உரிமையை மட்டும் கருதி வெட்டுகிறவர் தம் காப்பிக்கும் கேடு தேடிக்கொள்கின்றார். மரம் என்னுடையது என்று வாளாவிருப்பவர் அயலார் மகசூலைக் கெடுத்து, தாமும் பூச்சிக்கு இடங்கொடுக்கின்றார். ஆண்டுக்கொருமுறை இருவரும் சேர்ந்து எல்லையை நடந்து பார்ப்பதற்கு அரைநாள் போதும். வரும் மாசியில் பழம் பறித்து முடிந்ததும் தோட்டக்காரர்கள் இவ்வழக்கத்தைத் தொடங்குவார்களாக.